பெட்டியில் வந்த நாற்பது தட்டுகள்: இறக்குமதி வீடியோ கேம் இசையின் விற்பனை உரிமை குறித்த ஒரு நிகழ்வு ஆய்வு

சிறிய கடை ஒன்று ஜப்பானிலிருந்து வீடியோ கேம் இசைத் தொகுப்புகளை வரவழைத்து விற்க முனைகிறது. கடையை நடத்துபவர் முதல் வேலையாக, விளையாட்டை வெளியிட்ட நிறுவனத்தின் உரிமப் பிரிவுக்கு, "உங்கள் இசைத் தொகுப்புகளை விற்க எங்களுக்கு உரிமம் தருவீர்களா?" என்று கடிதம் எழுதுகிறார். இரண்டு வாரம் கழித்து வந்த பதிலில் மூன்று கேள்விகள் இருக்கின்றன: எத்தனை பிரதிகள் தயாரிக்கப் போகிறீர்கள், எந்தெந்த நாடுகளில் வெளியிடுவீர்கள், முன்பணமாக எவ்வளவு தர இயலும்? கடைக்காரருக்கோ எதையும் தயாரிக்கும் எண்ணமே இல்லை. நாற்பது குறுந்தட்டுகளை வாங்கி அலமாரியில் அடுக்க வேண்டும், அவ்வளவுதான்.

இந்த ஆய்வில் வரும் கடை ஒரு மாதிரிக் கடை. இந்த வணிகத்தில் இருப்பவர்கள் அடிக்கடி எதிர்கொள்ளும் சூழல்களைக் கோத்து வரையப்பட்டது. அதற்குப் பொருத்திப் பார்க்கப்படும் சட்டங்களும் வழக்குகளும் அப்படியல்ல. அவை நடந்தவை, நடப்பில் இருப்பவை.

கடிதத்தின் பிழை "உரிமம்" என்ற ஒற்றைச் சொல்லில் இருக்கிறது. ஒரு கேம் இசைத் தொகுப்பில் குறைந்தது நான்கு உரிமைகள் ஒன்றன்மேல் ஒன்றாகப் படிந்திருக்கின்றன. மெட்டுக்கு ஓர் உரிமை, அந்த மெட்டு வாசித்துப் பதிவுசெய்யப்பட்ட ஒலிக்கு இன்னோர் உரிமை, அட்டையில் உள்ள ஓவியத்துக்கு ஒன்று, விளையாட்டின் பெயருக்கும் சின்னத்துக்கும் வணிகக்குறி என்ற வகையில் மற்றொன்று. இவை நான்கும் ஒரே கையில் இருக்க வேண்டும் என்பதில்லை. ஜப்பானியப் பதிப்புரிமைச் சட்டத்தின் 15ஆம் பிரிவு, ஊழியர் தம் பணியின் பகுதியாக உருவாக்கி நிறுவனத்தின் பெயரில் வெளிவரும் படைப்புக்கு அந்த நிறுவனத்தையே படைப்பாளியாகக் கருதுவதால், சம்பளத்துக்கு இசையமைத்தவர்களின் மெட்டுகள் பெரும்பாலும் நிறுவனத்திடமே தங்கிவிடுகின்றன. ஆனால் டிராகன் குவெஸ்ட் தொடருக்கு இசையமைத்த கொய்ச்சி சுகியாமா, 2021இல் மறையும்வரை தம் இசையின் உரிமையைத் தம் தரப்பிலேயே வைத்திருந்தார். மைன்கிராஃப்டுக்கு இசையமைத்த சி418 என்ற கலைஞரும் அப்படியே; விளையாட்டு மைக்ரோசாஃப்டின் கைக்குப் போன பிறகும் அதன் முதல் இசைத் தொகுப்பு 2015இல் கோஸ்ட்லி இன்டர்நேஷனல் என்ற தனி இசை நிறுவனத்தின் வழியாகவே இசைத்தட்டாக வந்தது.

ஆகவே, தட்டை அச்சிட்டு வெளியிடுபவர்தான் இந்த நான்கு கைகளிலும் அனுமதி வாங்க வேண்டியவர். அமெரிக்காவில் மெட்டைப் பிரதியெடுப்பதற்கான சட்டமுறைக் கட்டணம் 2006 முதல் 2022 வரை ஐந்து நிமிடத்துக்கு மேற்படாத பாடல் ஒன்றுக்குப் பிரதிக்கு 9.1 சென்ட், 2023இல் அது 12 சென்ட்டாகவும் 2025இல் 12.7 சென்ட்டாகவும் உயர்ந்தது. இதைச் செலுத்துவது வெளியீட்டு நிறுவனம். கடைக்காரர் கொடுக்கும் மொத்த விலைக்குள் அந்தத் தொகை ஏற்கெனவே அடங்கியிருக்கிறது; அதைத் தனியாக ஒருமுறை கட்டுவதற்கு அவருக்கு எந்தக் காரணமும் இல்லை. சட்டப்படி தயாரான ஒரு பிரதி உரிமையாளரின் சம்மதத்தோடு முதன்முறை விற்கப்பட்டதும், அந்தக் குறிப்பிட்ட பிரதியின் மறுவிற்பனையைத் தடுக்கும் உரிமை தீர்ந்துபோகிறது. இதற்கு முதல் விற்பனைக் கோட்பாடு என்று பெயர். பழைய இசைத்தட்டுக் கடைகள் உலகெங்கும் எவரிடமும் அனுமதி கேட்காமல் இயங்குவது இதனால்தான்.

இறக்குமதி என்று வரும்போதுதான் சிக்கல் தொடங்குகிறது. முதல் விற்பனை டோக்கியோவில் நடந்தது, மறுவிற்பனை வேறொரு நாட்டில் நடக்கிறது என்றால், உரிமை தீர்ந்துபோனது எந்த நாட்டின் கணக்கில்? உலக வர்த்தக அமைப்பின் அறிவுசார் சொத்துரிமை உடன்படிக்கை இதில் நழுவிக்கொண்டது. அதன் 6ஆம் பிரிவு, இந்த விஷயத்தை ஒவ்வொரு நாடும் தன் போக்கில் முடிவுசெய்துகொள்ளலாம் என்று விட்டுவிட்டது. ஒரே பெட்டி ஒரு துறைமுகத்தில் தடையின்றி இறங்குவதும் இன்னொன்றில் சட்டமீறல் ஆவதும் இந்த ஒரு பிரிவின் விளைவு.

அமெரிக்கா நெடுங்காலம் தடுமாறியது. 2010இல் கைக்கடிகாரம் ஒன்றைப் பற்றிய காஸ்ட்கோ வழக்கில் உச்ச நீதிமன்றம் நான்குக்கு நான்கு என்று சரிசமமாகப் பிரிந்து, நாடு முழுமைக்குமான விடை சொல்லாமல் நின்றது. 2013 மார்ச்சில் கிர்ட்சாங் வழக்கில் விடை வந்தது. தாய்லாந்திலிருந்து படிக்க வந்த மாணவர் ஒருவர், தம் நாட்டில் மலிவாகக் கிடைத்த பாடநூல்களை உறவினர்கள் மூலம் வரவழைத்து அமெரிக்காவில் விற்றார். விற்கலாமா என்று நண்பர்களிடமும் இணையத்தின் கேள்வி பதில் சேவை ஒன்றிலும் அவர் முன்கூட்டியே விசாரித்ததாக வழக்குப் பதிவுகள் சொல்கின்றன. நம் கடைக்காரரைவிட ஒரு படி முன்னெச்சரிக்கையான ஆள் என்றே அவரைச் சொல்ல வேண்டும். அப்படியும் கீழ் நீதிமன்றத்தில் எட்டு நூல்களுக்காக 6,00,000 டாலர் இழப்பீடு விதிக்கப்பட்டது. உச்ச நீதிமன்றம் ஆறுக்கு மூன்று என்ற பெரும்பான்மையில் அதை மாற்றி, வெளிநாட்டில் சட்டப்படி தயாரான பிரதிக்கும் முதல் விற்பனைக் கோட்பாடு பொருந்தும் என்றது. ஜப்பானில் அச்சிட்டு விற்கப்பட்ட கேம் இசைத் தட்டை அமெரிக்கக் கடை ஒன்று தைரியமாக விற்பதற்கான அடிப்படை இந்தத் தீர்ப்பே.

ஐரோப்பிய ஒன்றியத்தின் விடை நேர் எதிரானது. அதைப் பெற்றுத் தந்ததும் நம் மாதிரிக் கடைக்கு நெருக்கமான ஒரு வணிகமே. டென்மார்க்கின் லேசர்டிஸ்கன் என்ற நிறுவனம் திரைப்படத் தட்டுகளை இறக்குமதி செய்து விற்றது. அது தேடிக் கொண்டுவந்தவற்றில் பெரும்பகுதி, அமெரிக்கச் சிறப்புப் பதிப்புகளும் ஐரோப்பாவில் கிடைக்காத, கிடைக்கப் போவதுமில்லாத படங்களுமாக இருந்தன. அதாவது, உள்ளூர்ப் பதிப்போடு விலையில் மோதும் சரக்கு அல்ல. உள்ளூர்ப் பதிப்பே இல்லாத சரக்கு. 2001ஆம் ஆண்டின் ஐரோப்பியப் பதிப்புரிமை நெறிமுறையை ஏற்று டென்மார்க் 2002 டிசம்பரில் தன் சட்டத்தைத் திருத்தியதும் அந்த வணிகத்தின் அடித்தளம் ஆட்டம் கண்டது. நிறுவனம் அடுத்த ஆண்டே கலாசார அமைச்சகத்தின் மீது வழக்குத் தொடுத்தது. மக்கள் தகவலையும் கலையையும் பெறும் சுதந்திரம் பறிபோகிறது என்றுகூட வாதாடிப் பார்த்தது. 2006 செப்டம்பர் 12 அன்று ஐரோப்பிய நீதிமன்றம் அந்த வாதங்களை ஏற்க மறுத்தது. ஐரோப்பியப் பொருளாதாரப் பகுதிக்குள் உரிமையாளரின் சம்மதத்தோடு முதன்முறை விற்கப்பட்ட பிரதிக்கு மட்டுமே உரிமை தீர்ந்துபோகும். வெளியே விற்கப்பட்டதற்கும் தீர்ந்துவிட்டதாகக் கொள்ளும் விதியை எந்த உறுப்பு நாடும் வைத்திருக்க முடியாது என்று தீர்ப்பானது.

கேம் இசைக்கு இந்தத் தீர்ப்பைப் பொருத்தினால் அதன் கடுமை புரியும். பெரும்பாலான ஜப்பானிய கேம் இசைத் தொகுப்புகளுக்கு ஐரோப்பியப் பதிப்பே வெளிவருவதில்லை. எனவே "உள்ளூர்ப் பதிப்பை வாங்கிக்கொள்ளுங்கள்" என்ற மாற்றுவழி அங்கே கிடையாது. எழுத்துமூலச் சம்மதம் ஒன்றே வழி. சட்டம் இங்கே யாரைக் காக்கிறது என்ற கேள்விக்கு எனக்கு நிறைவான விடை கிடைக்கவில்லை. விற்கும் எண்ணமே இல்லாத சந்தையைப் பூட்டிவைப்பதால் இசையமைப்பாளருக்கு ஒரு காசும் போய்ச் சேர்வதில்லை. ஆனாலும் விதி அதுதான், அதை வைத்துத்தான் கொள்முதல் செய்ய வேண்டும்.

மற்ற நாடுகளைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். ஆஸ்திரேலியா 1998இல் இசைத்தட்டுகளின் இணை இறக்குமதியை, அதாவது வேறு நாட்டில் சட்டப்படி விற்கப்பட்ட அசல் பிரதிகளை உள்ளூர் உரிமையாளரின் அனுமதியின்றிக் கொண்டுவருவதை, சட்டபூர்வமாக்கியது. பிரிட்டன் ஒன்றியத்தை விட்டு விலகிய பின், 2021 முதல், ஐரோப்பாவில் விற்கப்பட்ட பிரதியைப் பிரிட்டனில் மறுவிற்பனை செய்ய முடிகிறது. பிரிட்டனில் விற்கப்பட்டதை ஐரோப்பாவுக்குள் அதே சுதந்திரத்தோடு கொண்டுபோக முடியாது. ஜப்பானோ 2005 முதல் நடப்பில் இருக்கும் சட்டத் திருத்தத்தின் வழியாக, வெளிநாட்டுச் சந்தைக்கென்று மலிவாக அச்சிடப்பட்ட தன் சொந்த இசைத்தட்டுகள் திரும்பி உள்ளே வருவதைத் தடுக்கிறது.

இனிப் பெட்டியைத் திறப்போம். நாற்பது தட்டுகளும் ஐந்து வகையாகப் பிரிகின்றன.

முதல் இருபத்திரண்டும் புதியவை, ஜப்பானிய வெளியீட்டு நிறுவனத்தின் நேரடிச் சரக்கு. முதுகுப்பக்கத்தைச் சுற்றிக் காகிதப் பட்டை ஒன்று இருக்கிறது. ஓபி என்று சேகரிப்பாளர்கள் அனைவரும் சொல்வது இதைத்தான். அதில் பட்டியல் எண், விலை, கூடவே "மீண்டும்" என்று பொருள்படும் ஒற்றை எழுத்தும் ஒரு தேதியும் அச்சிடப்பட்டிருக்கின்றன. அந்தத் தேதிவரை ஜப்பானியக் கடைகள் அச்சிட்ட விலைக்குக் கீழே விற்கக் கூடாது என்று வெளியீட்டாளர் கட்டுப்படுத்த முடியும். நூல், நாளிதழ், இசைத்தட்டு ஆகியவற்றுக்கு அங்கே 1953 முதல் இருக்கும் சட்ட விலக்கு இது. வெளிநாட்டுக் கடைக்கு இதனால் நேரும் விளைவு கவனிக்கத்தக்கது. ஜப்பானியச் சில்லறைக் கடையில் புதுத் தட்டு தள்ளுபடியில் கிடைப்பது அரிது என்பதால், அங்கே வாங்கி இங்கே விற்று லாபம் பார்ப்பது ஏறக்குறைய இயலாது. மொத்த விற்பனையாளரிடம் கணக்குத் திறந்தே ஆக வேண்டும். பின்னட்டையில் ஜப்பானின் இசைப் படைப்புரிமைச் சங்கமான ஜாஸ்ராக்கின் முத்திரை இருந்தால், மெட்டுக்கான கட்டணம் அந்தச் சங்கத்தின் வழியே தீர்க்கப்பட்டிருக்கிறது என்று பொருள். முத்திரை இல்லாததாலேயே தட்டு போலி என்று முடிவுகட்டக் கூடாது. கேம் நிறுவனங்கள் பல தங்கள் மெட்டுகளைச் சங்கத்திடம் ஒப்படைக்காமல் தாமே நிர்வகிக்கின்றன.

அடுத்த ஒன்பதும் பழையவை. பட்டியல் எண் எஸ்எஸ்சிஎக்ஸ் என்று தொடங்குகிறது, டிஜிக்யூப் வெளியிட்டவை. ஸ்கொயர் நிறுவனம் தன் விளையாட்டுகளைச் சிறு பலசரக்குக் கடைகளின் வழியே விற்பதற்காக 1996இல் நிறுவிய துணை நிறுவனம் டிஜிக்யூப். ஃபைனல் ஃபேன்டஸி இசைத் தொகுப்புகள் பல அதன் பெயரிலேயே வந்தன. 2003 நவம்பரில் அது திவாலானதும் அந்தத் தொகுப்புகள் சந்தையிலிருந்து மறைந்தன; எனிக்ஸுடன் இணைந்து ஸ்கொயர் எனிக்ஸ் ஆகிவிட்ட தாய் நிறுவனம் 2004 முதல் அவற்றில் பலவற்றை எஸ்க்யூஇஎக்ஸ் என்ற புது எண் வரிசையில் மறுபடி வெளியிட்டது. பழைய பிரதிக்குச் சேகரிப்பாளரிடம் தனி மதிப்பு உண்டு. இந்த ஒன்பதுக்குக் கடைசியில் திரும்ப வருவோம்.

இரண்டு தட்டுகளில் "ஹிபைஹின்", அதாவது விற்பனைக்கு அன்று என்ற சொல் அச்சாகியிருக்கிறது. விளையாட்டை முன்பதிவு செய்தவர்களுக்கு இலவசமாகக் கொடுக்கப்பட்டவை. அந்த ஒரு சொல் மறுவிற்பனையைத் தடுத்துவிடுமா? அமெரிக்காவில் யூனிவர்சல் இசை நிறுவனம் தொடுத்து 2011இல் தீர்ப்பான அகஸ்டோ வழக்கில், விமர்சகர்களுக்கும் வானொலியாளர்களுக்கும் இலவசமாக அனுப்பிய தட்டுகளில் "விற்பனைக்கு அல்ல" என்று எழுதியிருந்தபோதும், திருப்பிக் கேட்கும் ஏற்பாடு எதுவுமின்றி அனுப்பியதால் அவை பெற்றவருக்கே சொந்தம் என்று மேல்முறையீட்டு நீதிமன்றம் முடிவுசெய்தது. அந்தத் தர்க்கம் முன்பதிவுப் பரிசுத் தட்டுக்கும் பொருந்தும் என்பதே என் கணிப்பு.

நான்கு தட்டுகளை எடுத்துப் பார்த்ததுமே கை தயங்குகிறது. ஓபி இல்லை. அட்டை அச்சு சற்றுக் கலங்கியிருக்கிறது. மூன்று தட்டுகளாக வெளிவந்த தொகுப்பு ஒன்று இரண்டாகச் சுருக்கப்பட்டிருக்கிறது. ஜப்பானியப் பொருளின் பட்டைக்குறி 45 அல்லது 49 என்று தொடங்க வேண்டும். இதில் பட்டைக்குறியே இல்லை. தட்டைத் திருப்பி, நடுத்துளையைச் சுற்றிய வளையத்தை விளக்கு வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தால், 1994 முதல் அச்சகங்கள் பொறித்துவரும் ஐஎஃப்பிஐ (இசைப்பதிவு நிறுவனங்களின் சர்வதேசக் கூட்டமைப்பு) அடையாள எண் தென்பட வேண்டும்; இங்கே வளையம் வெறுமையாக இருக்கிறது. தொண்ணூறுகளிலும் இரண்டாயிரங்களின் தொடக்கத்திலும் தைவானிலிருந்து சன்மே, எவர் அனிமே போன்ற பெயர்களில் வந்து உலகமெங்கும் பரவிய பதிப்புகளின் சாயல் இது. தைவான் 2002 ஜனவரியில் உலக வர்த்தக அமைப்பில் சேரும்வரை அங்கே வெளிநாட்டுப் படைப்புகளுக்கு இருந்த பாதுகாப்பு பலவீனமாக இருந்ததால், அவை தொழில்முறை நேர்த்தியோடு வெளிப்படையாகவே அச்சாயின. வாங்கியவர்களில் பலர் அசல் என்றே நம்பி வாங்கினார்கள். இவற்றுக்கு எந்த நாட்டிலும் முதல் விற்பனைக் கோட்பாடு துணைக்கு வராது. ஏனென்றால் அந்தக் கோட்பாட்டின் முதல் நிபந்தனையே பிரதி சட்டப்படி தயாராகியிருக்க வேண்டும் என்பது. சுங்கத் துறைக்கும் இந்த வேறுபாடு தெரியும். திருட்டுப் பிரதிகளை எல்லையில் நிறுத்திவைக்க உலக வர்த்தக அமைப்பின் உறுப்பு நாடுகள் வழிசெய்தே ஆக வேண்டும். இணை இறக்குமதிச் சரக்குக்கு அப்படியொரு கட்டாயம் இல்லை.

மிச்சமிருக்கும் மூன்றும் ரசிகர்கள் தாமே இசைத்துப் பதிவுசெய்த தோஜின் தட்டுகள். 1998 முதல் நடந்துவரும் எம்3 போன்ற நேரடி விற்பனைச் சந்தைகளில் கிடைப்பவை. ஒலிப்பதிவு அவர்களுடையது, மெட்டு கேம் நிறுவனத்துடையது. ஜப்பானில் இந்தச் சிறு உற்பத்தியைப் பல நிறுவனங்கள் கண்டும் காணாமல் விட்டுவிடுகின்றன. சில நிபந்தனைகளோடு வெளிப்படையாக அனுமதிக்கின்றன. ஆனால் கண்டுகொள்ளாமல் இருப்பது சம்மதம் ஆகாது. மெட்டுக்கு அனுமதி வாங்காத தட்டு சட்டப்படி தயாரான பிரதி அல்ல; கடல் கடந்து வணிக அலமாரிக்கு வரும்போது அந்தக் குறை கூடவே வருகிறது. சொந்த மெட்டுகளை மட்டும் கொண்ட தோஜின் தட்டு என்றால் கதையே வேறு: குழுவுக்கு ஒரு மின்னஞ்சல் போட்டால் போதும், பல நேரங்களில் மகிழ்ச்சியோடு ஒரு கட்டு அனுப்பிவைப்பார்கள்.

தட்டை விற்பதற்குத் தனி உரிமம் வேண்டாம் என்பது, அதைச் சுற்றிச் செய்யும் எல்லாவற்றுக்கும் பொருந்தாது. நம் கடைக்காரர் தம் இணையப் பக்கத்தில் ஒவ்வொரு பாடலிலும் முப்பது நொடி கேட்கும்படி வைக்க நினைக்கிறார். முப்பது நொடிக்கு அனுமதி தேவையில்லை என்பது இந்த வணிகத்தில் சாகாவரம் பெற்ற வதந்தி. அப்படி ஒரு பொது விதி கிடையாது. மாதிரிக் கோப்புகளை வெளியீட்டாளரிடமோ விநியோகஸ்தரிடமோ கேட்டு வாங்க வேண்டும். அல்லது அவர்களே ஏற்றிவைத்த மாதிரிக்கு இணைப்புக் கொடுக்க வேண்டும். கடைக்குள் ஒலிக்கவிடுவதற்கு அமெரிக்கச் சட்டத்தின் 110(7) பிரிவு இடம் தருகிறது: நுழைவுக் கட்டணமின்றிப் பொதுமக்கள் வந்துபோகும் கடையில், தட்டு விற்பனையைத் தூண்டுவது மட்டுமே நோக்கமாக இருந்தால், ஒலி கடையைத் தாண்டிப் போகாதவரை அனுமதி தேவையில்லை. அதே இசையைப் பக்கத்தில் நடத்தும் காபிக் கடையில் போட்டால் இந்த விலக்கு போய்விடும்.

டிஜிட்டல் பிரதிக்கும் கோட்பாடு கைகொடுக்காது. 2018 டிசம்பரில் ரீடிஜி வழக்கில் அமெரிக்க மேல்முறையீட்டு நீதிமன்றம், இசைக் கோப்பை மாற்றிக்கொடுப்பது புதுப் பிரதி எடுப்பதே என்று சொன்னது. 2019இல் மின்னூல் பற்றிய டாம் கேபினெட் வழக்கில் ஐரோப்பிய நீதிமன்றமும் ஏறத்தாழ இதே முடிவுக்கு வந்தது. இசைத்தட்டுடன் வரும் பதிவிறக்கச் சீட்டை உருவி எடுத்துத் தனியே விற்கலாம் என்று தோன்றினால், அந்த எண்ணத்தைக் கைவிடுவது நல்லது.

இப்போது கடைக்காரர் இரண்டாவது கடிதம் எழுதுகிறார். இந்த முறை அது உரிமப் பிரிவுக்கு அன்று, விற்பனைப் பிரிவுக்கு. பட்டியல் எண்களைக் குறிப்பிட்டு, ஒவ்வொன்றிலும் எத்தனை வேண்டும், எந்த நாட்டில் கடை, நேரில் மட்டும் விற்பனையா இணையத்திலுமா என்று எழுதி, "உங்கள் ஏற்றுமதி விநியோகஸ்தர் யார்?" என்ற ஒற்றைக் கேள்வியோடு முடிக்கிறார். பதில் நான்கே நாளில் வருகிறது. ஒரு விநியோகஸ்தரின் பெயரும் விண்ணப்பப் படிவமும் இருக்கின்றன. படிவத்தோடு வரும் விற்பனை நிபந்தனைகளை வரி விடாமல் படிக்க வேண்டும்; உரிமை என்று அவர் தேடியதில் பெரும்பகுதி அங்கேதான் இருக்கிறது. விற்பனை எல்லை எது, வெளியீட்டு நாளுக்கு முன் அனுப்பக் கூடாதா, பெரிய இணையச் சந்தைகளில் விற்கத் தடையா, விற்காத சரக்கைத் திருப்பி எடுப்பார்களா என்பன அதில் இருக்கும். கடைசிக் கேள்விக்கு இறக்குமதிச் சரக்கில் விடை பெரும்பாலும் "இல்லை" என்பதால், முதல் கொள்முதலைச் சிறிதாக வைப்பதே நல்லது. ஐரோப்பியக் கடை என்றால் இதோடு ஒரு வரி கூடுதலாகக் கேட்டு வாங்க வேண்டும்: இந்தப் பிரதிகளை ஐரோப்பியப் பொருளாதாரப் பகுதிக்குள் விற்பதற்கு உரிமையாளர் சம்மதிக்கிறார் என்ற எழுத்துமூல வரி. விநியோகஸ்தர் சொல்வது மட்டும் போதாது. அவருக்கு அந்தச் சம்மதத்தைத் தரும் அதிகாரம் உண்டு என்பதற்கும் சான்று வேண்டும். வழக்கு என்று வந்தால், உரிமை தீர்ந்துவிட்டது என்று காட்டும் சுமை பொதுவாகக் கடைக்காரர் தலையில்தான் விழுகிறது. பட்டியல் எண் வாரியாக இன்வாய்ஸ், விநியோகஸ்தரின் கடிதம், ஓபியும் உள்வளையமும் தெரியும்படி எடுத்த இரண்டு புகைப்படங்கள் ஆகியவற்றை ஒரே கோப்பில் வைத்திருப்பவருக்கு அந்தச் சுமை பெரிதாகத் தெரியாது.

பெட்டியின் கணக்கை முடிப்போம். கடை அமெரிக்காவில் இருந்தால் முதல் மூன்று வகையும் சேர்ந்து முப்பத்து மூன்று தட்டுகள் அலமாரிக்குப் போகும். தைவான் பதிப்புகள் நான்கும் போகாது. தோஜின் தட்டுகள் மூன்றும் மெட்டின் அனுமதி தெரியும்வரை உள்ளறையில் காத்திருக்கும். அதே கடை ஐரோப்பாவில் இருந்தால், சம்மதக் கடிதம் கைக்கு வந்த பிறகு புதிய தட்டுகள் இருபத்திரண்டும் போகும். பரிசுத் தட்டுகள் இரண்டும் போகாது. அவை அங்கே உரிமையாளரின் சம்மதத்தோடு விற்கப்பட்டதே இல்லை. டிஜிக்யூபின் பழைய தட்டுகள் ஒன்பதும் இருபது ஆண்டுகளுக்கு முன் ஜப்பானில் சட்டப்படி அச்சாகி, சட்டப்படி விற்பனையாகி, ஒருவர் கேட்டு மகிழ்ந்து கைமாற்றியவை. அவற்றை ஐரோப்பாவில் விற்கச் சம்மதம் தர வேண்டிய வெளியீட்டு நிறுவனம் 2003இலேயே மூடப்பட்டுவிட்டது. உரிமை இன்று இருக்கும் ஸ்கொயர் எனிக்ஸிடம் கேட்கலாம். ஆனால் தான் அச்சிடாத, தனக்கு இனி ஒரு யென் வருமானமும் தராத ஒன்பது பழைய தட்டுகளுக்காகக் கையொப்பமிட்ட கடிதம் தரும் மேசை அங்கே எது என்பதை, கடைக்காரர் தம் மூன்றாவது கடிதத்தில் கேட்டிருக்கிறார்.